நாற்பத்தைந்து டிகிரி

ஏ.சி. ஓடுகிறதா, ஓடுவதாக நடிக்கிறதா என்று தெரியவில்லை. சத்தத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி. ரங்கமன்னாருக்கு மட்டும் துறைத்தலைவர் அறையிலிருந்து ஒரு மெத்தை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து முதல் வரிசைக்கு நடுவில் போட்டிருந்தார்கள். முதுகில் ஒரு வெள்ளைத் துண்டு வேறு. துண்டு போட்ட நாற்காலியில் உட்கார்ந்தால் முடிவெட்டிக்கொள்ள வந்தவர் மாதிரி அவருக்குக் கழுத்து தானாக விறைத்துக்கொள்ளும். பெங்களூரில் பெரிய ஆய்வு நிறுவனம் ஒன்றில் பேராசிரியர். மீக்கடத்திகளுக்குள் எலெக்ட்ரான்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று இந்த நாட்டில் யாரிடம் போய்க் கேட்டாலும் கைகாட்டும் இரண்டு மூன்று பேரில் ஒருவர். இன்று இந்தத் தெற்கத்திப் பல்கலைக்கழகத்தில் இசக்கிசெல்வி என்ற பெண்ணின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு வெளித்தேர்வாளர். வாய்மொழித் தேர்வு என்று பெயர்தானே தவிர இங்கெல்லாம் அது பாதிக் கல்யாணம். வாசலில் சந்தனம், கற்கண்டு. பின்வரிசையில் பெண்ணின் சொந்தக்காரர்கள் பட்டுச்சேலையும் புதுச்சட்டையுமாக. மூலையில் ஒரு மேசைமேல் காகிதத் தட்டுகளில் அல்வாவும் மிக்சரும், மேலே செய்தித்தாள் மூடி. பரீட்சை முடிவதற்கு முன்பே இனிப்பு வாங்கி வைத்துவிடுகிற ஊர். தேர்வாளர் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அந்த அல்வாவை என்ன செய்வார்கள் என்று ஒவ்வொரு முறையும் அவர் நினைத்துக்கொள்வதுண்டு. எந்தத் தேர்வாளரும் அப்படிச் சொன்னதில்லை, அவரும் சொன்னதில்லை. காலையில் விருந்தினர் விடுதியில் போட்ட பொங்கல் வயிற்றில் கல்லாக உட்கார்ந்திருந்தது. தூக்கம் வந்தது.

பெண் நன்றாகத்தான் பேசினாள். ஆங்கிலத்தில் தொடங்கப்போனவளை அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் குற்றாலிங்கம், கையமர்த்தி, "அம்மா அப்பா வந்திருக்காவள்லா, ரெண்டு நிமிஷம் அவங்களுக்குத் தமிழ்ல சொல்லிரும்மா, சார் ஒண்ணும் நினைச்சுக்கிட மாட்டாங்க" என்றார். ரங்கமன்னார் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை என்பதைக் காட்டத் தலையை ஆட்டினார். அவள் பின்வரிசையைப் பார்த்துச் சொன்னாள்: "சாதாரணக் கம்பியில கரண்டு போகும்போது எலெக்ட்ரான் தனித்தனியா முட்டி மோதிப் போகும். அதுல பாதி சூடா வீணாப்போயிரும். மீக்கடத்தியில ஜோடி ஜோடியாப் போகும், முட்டாது, ஒண்ணும் வீணாகாது. நான் பாத்தது செம்பும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு படிகம். அந்த ஜோடியைப் பிரிக்கணும்னா ஒரு விலை குடுக்கணும். அந்த விலை எல்லாத் திசையிலயும் ஒரேமாதி இல்ல. சில திசையில கூட, சில திசையில ஒண்ணுமே கிடையாது. எந்தத் திசையில எவ்வளவுன்னு அளந்ததுதான் என் வேலை." யாரோ ஒரு பெரியப்பா, "உயர் வெப்பநிலைன்னு போட்டிருக்கே, அடுப்பு மாதியா?" என்று கேட்க, "இல்ல பெரியப்பா, தொட்டா விரல் கருகிரும், அவ்வளவு குளிரு. மத்ததெல்லாம் அதைவிடக் குளிரு, அதான் இதுக்கு அந்தப் பேரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ரங்கமன்னாரும் சிரித்தார். முப்பது வருஷமாக ரயிலிலும் கல்யாணத்திலும் இதே கேள்விக்கு அவர் சொல்லிவந்த பதில் இத்தனை சுருக்கமாக இருந்ததில்லை. கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டார். நாம் நினைக்கிறோம், அது அவளுக்கு ஒரு சான்றிதழ் என்பதுபோல. பிறகு அவள் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாள், அவருக்குக் கண் சொருகியது.

ஆய்வேடு மடியில் கிடந்தது. நீலக் காலிகோ அட்டை, பொன்னெழுத்து. இதை அவர் படித்துத்தான் இருந்தார், அதாவது முன்னுரையைப் படித்தார், முடிவுரையைப் படித்தார், நடுவில் படங்களை ஒரு புரட்டுப் புரட்டினார், மேற்கோள் பட்டியலில் தன் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று பார்த்தார், அது போதும் என்று பட்டது. பிறகு, ஆய்வேட்டை முதலிலிருந்து கடைசிவரை கவனமாகப் படித்தேன், பட்டத்துக்கு மனமாரப் பரிந்துரைக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். எல்லோரும் செய்கிறதுதான். யார் இன்றைக்குக் கடைசிவரை படிக்கிறார்கள்? அவருடைய ஆய்வேட்டையும் அந்தக் காலத்தில் யாரும் படித்திருக்கமாட்டார்கள். இதெல்லாம் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் மெத்தென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த அல்வா நெய் விட்டதா டால்டாவா என்பதும் கூடவே ஓடியது. திரையில் நான்கிதழ்ப் பூ வந்தது. அவருடைய பூ. செம்பு ஆக்சைடுகள் எல்லாவற்றிலும் அந்த விலையைத் திசைவாரியாகக் குறித்துப் பார்த்தால் நான்கு இதழ் கிடைக்கும். செம்பும் ஆக்சிஜனும் கைகோத்து நிற்கிற திசைகளில் இதழ் நீண்டிருக்கும், மூலைவிட்டத் திசைகளில் ஒன்றுமே இராது. இளைஞராக இருந்தபோது அதை அளந்தவர்களில் அவரும் ஒருவர். அதற்கப்புறம் செய்ததெல்லாம் அதே பூவை வேறு வேறு பொருளில் பார்த்துச் சரிதான் என்று தலையாட்டிக்கொண்டிருந்ததுதான். இந்தப் பெண்ணுடைய புதுப் படிகத்திலும் அதே பூ, இருக்கவேண்டிய இடத்தில் இதழ்கள், இருக்கக்கூடாத இடத்தில் வெறுமை. நல்லது. அவருக்கு ஒரு திருப்தி வந்தது, நம் வீட்டு முருங்கைக்காய் சந்தையில் கிடப்பதைப் பார்த்த மாதிரி. அடுத்ததாக அவள் படிகத்தின் புகைப்படத்தையும் அதன்மேல் எக்ஸ்-கதிர் அடித்து எடுத்த புள்ளிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். படிகம் நன்றாக வளர்ந்திருக்கிறது என்பதற்குச் சாட்சியாக எல்லோரும் காட்டுகிற படம். யாரும் அதை உற்றுப் பார்ப்பதில்லை.

அவரும் உற்றுப் பார்க்கவில்லை. கண் தானாகப் போய் உட்கார்ந்தது. இத்தனை வருஷப் பழக்கம்; கோயிலில் நிற்கிறபோது கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாதிரி கண் புள்ளிகளின் வரிசையைப் பிடித்துக்கொண்டு போயிற்று. எந்தப் பக்கம் வரிசை நெருக்கமாக ஓடுகிறதோ அதுதான் செம்பும் ஆக்சிஜனும் கைகோத்து நிற்கும் திசை. நெருக்கமான வரிசை நெட்டுக்கு நிமிர்ந்து ஓடியது. பக்கத்துப் புகைப்படத்தில் மைக்கா போன்ற அந்தக் கறுப்புச் சில்லின் ஓரமும் நெட்டுக்கு நிமிர்ந்து நின்றது. இரண்டும் ஒரே திசை. ஒரே திசையா? அவருக்குத் தெரிந்த, பிஸ்மத் கலந்த குடும்பத்துப் படிகங்களில் ஓரம் எப்போதும் மூலைவிட்டத்தில் உடையும், நாற்பத்தைந்து டிகிரி சாய்வாக. அதனால்தான் முதல் வருஷத்துப் பிள்ளைகள் ஓரத்தைப் பார்த்துப் படிகத்தைத் தாங்கியில் ஒட்டிவிட்டு, இதழ் இருக்கும் இடத்தில் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லாத இடத்தில் இதழ் என்று தலைகீழாக அளந்து, உலகத்தைப் புரட்டிவிட்டதாகக் குதித்து, பிறகு அசடு வழிவார்கள். ஆனால் இது பிஸ்மத் இல்லை. குற்றாலிங்கம் தன் உலையில் வளர்த்த புது ஜாதி. இதில் ஓரமும் செம்பு-ஆக்சிஜன் பிணைப்பும் ஒரே பக்கம் போகின்றன. இதோ எதிரே, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி, சுவர் அளவுக்குப் பெரிதாகத் தெரிகிறது. அப்படியானால் ஓரத்தை நம்பி ஒட்டினால் இதில் அது தப்பில்லை. அப்படியானால் அந்தப் பூ. ரங்கமன்னாருக்குக் காது மடல்கள் சுட்டன. தூக்கம் போன இடம் தெரியவில்லை.

இந்தப் படிகத்தை அவர் முன்பே பார்த்திருக்கிறார். இங்கே இல்லை, தில்லி விமான நிலையத்தில். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பனியால் விமானங்கள் தாமதமான ஒரு காலையில், முழங்காலில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு. ஆய்விதழ் ஒன்றிலிருந்து மூன்றாவது நினைவூட்டல் வந்திருந்தது: தாங்கள் மதிப்பிட ஒப்புக்கொண்ட கட்டுரை இன்னும் காத்திருக்கிறது. பெயர் தெரியாத ஒரு பெண், பெயர் தெரியாத ஒரு பல்கலைக்கழகம், இத்தாலிக்குப் போய் அங்கே ஒரு ஆய்வுக்கூடத்தின் ஒளிக்கற்றையில் ஐந்து நாள் நேரம் வாங்கி அளந்தது, முடிவு: இந்தப் படிகத்தில் இதழ்கள் மூலைவிட்டத்தில் நிற்கின்றன, மற்ற எல்லாச் செம்பு ஆக்சைடுகளுக்கும் நேர் எதிராக. அவர் சிரித்தார். விமான நிலையத்தில் தனியாக உட்கார்ந்து சத்தமாகவே சிரித்தார், பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்க்கும்படி. காப்பி ஆறுவதற்குள் மதிப்புரையை எழுதி முடித்துவிட்டார். கட்டுரையோடு ஒரு துணைக்கோப்பு இருந்தது, எக்ஸ்-கதிர்ப் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்திருக்கும், அதைத் திறக்கக்கூட இல்லை. எதற்குத் திறக்கவேண்டும்? சோற்றைத் தொட்டதுமே தெரியாதா வெந்ததா இல்லையா என்று. நாற்பத்தைந்து டிகிரி திருப்புங்கள், எல்லாம் சரியாகிவிடும், திருப்பினால் வெளியிடலாம், திருப்பாவிட்டால் கூடாது. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தார். படிகத்தின் எந்தப் பக்கம் எது என்று தெரியாதவர்கள் இந்தத் துறையில் கைவைக்காமல் இருப்பது துறைக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது. அதை எழுதியபோது அவருக்கு இனித்தது. அதுதான் இப்போது வந்து நின்றது. வாக்கியம்கூட இல்லை, அந்த இனிப்பு. எழுதியதை இரண்டுமுறை படித்துப் பார்த்து, நல்லது என்பதற்குப் பக்கத்தில் இன்னொரு நல்லது போட்டதில் ஒரு அழகு இருப்பதாக நினைத்ததும் நினைவுக்கு வந்தது.

அவர் சொன்னபடியே அவள் திருப்பிவிட்டாள், சற்றுமுன் திரையில் பார்த்தது அந்தத் திருப்பிய பூ. மதிப்பிடுகிறவரின் பெயரை ஆய்விதழ்கள் யாருக்கும் சொல்வதில்லை. அதுதான் ஏற்பாடு. இந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது, இந்தப் பெண்ணுக்குத் தெரியாது, குற்றாலிங்கத்துக்குத் தெரியாது, மிக்சர் தட்டைக் காவல் காக்கிற அலுவலக உதவியாளருக்கும் தெரியாது. தெரியாது, தெரியாது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். சொல்லச் சொல்ல எல்லோரும் தன் பிடரியையே பார்க்கிற மாதிரி இருந்தது. துண்டில் கழுத்து வேர்த்தது. ஒருவேளை புகைப்படத்தைச் சாய்த்து எடுத்திருக்கலாமே? தாங்கியை எக்ஸ்-கதிர்ப் பெட்டியில் வேறு மாதிரி மாட்டியிருக்கலாமே? இருக்கலாம், இருக்கலாம். அவர் ஆவலோடு திரையைப் பார்த்தார், புகைப்படத்தின் மூலையில் தாங்கியின் திருகாணி தெரிந்தது, புள்ளிப் படத்திலும் அதே திருகாணியின் நிழல் அதே மூலையில் விழுந்திருந்தது. பொறுப்பான பெண். ஒளிந்துகொள்ள ஒரு இடுக்குக்கூட விட்டுவைக்கவில்லை. அவள் அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். அந்தப் புள்ளிகள் மட்டும் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. ஜெர்மனியில், ஹாம்பர்க்கில் அவர் ஆராய்ச்சிக்குப் போன முதல் வருஷம். ஆய்வகத் தலைவர், தடித்த பெருவிரல், எல்லோரும் நிற்கும்போது இவர் ஒட்டிய படிகத்தைத் தாங்கியோடு கையிலெடுத்து, ஒன்றும் பேசாமல், பெருவிரலால் மெல்ல நாற்பத்தைந்து டிகிரி திருப்பி மேசைமேல் வைத்தார். அவ்வளவுதான். சிரிப்பு எழுந்தது. அன்றிலிருந்து மூன்று வருஷம் அங்கே அவருக்கு மிஸ்டர் ஃபார்ட்டி ஃபைவ் என்றுதான் பெயர். கல்யாணமாகி ஜானகியைக் கூட்டிக்கொண்டு போனபோது மிசஸ் ஃபார்ட்டி ஃபைவ் என்று அவளுக்கும் கை கொடுத்தார்கள், அவள் ஏதோ வாழ்த்து என்று நினைத்து நன்றி சொன்னாள். இவரும் சிரித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு வாங்கியதை இத்தனை வருஷம் கழித்து முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் இறக்கி வைத்துவிட்டேனா? நல்ல விளக்கம்தான். இப்படி ஒரு விளக்கம் கிடைத்ததும் நெஞ்சு கொஞ்சம் இளகுவதைக் கவனித்தார், கவனித்ததும் அதற்கும் வெட்கப்பட்டார். பாவம் நான் என்று தொடங்கிவிட்டது பார், அதற்குள்.

சரி, என்ன செய்யலாம்? கேள்வி நேரத்தில் கேட்டால் ஆய்வேட்டின் நடுவிலிருக்கும் படமே தப்பு என்றாகும், பட்டம் நிற்கும். ஆவணியில் அரசுக் கல்லூரியில் இவளுக்கு உதவிப் பேராசிரியர் வேலை கிடைக்கிறமாதிரி இருக்கிறது, பட்டச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி என்று காலையில் பொங்கலுக்கு நெய் விட்டுக்கொண்டே குற்றாலிங்கம் சொல்லியிருந்தார். அவள் அப்பா அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், ஓய்வுக்காலப் பணமெல்லாம் இவள் படிப்பில் போனது என்பதையும் கேட்காமலே சொல்லியிருந்தார். ஆக, பேசாமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது. அவளுக்கு நல்லது. அந்தச் சொல்லை மனம் எங்கிருந்து எடுத்தது என்று தெரிந்ததும் அவருக்கு உடம்பு கூசியது. பேசாமல் இருந்தால் அவள் ஒரு சாதாரணப் படிகத்தில் சாதாரணப் பூவைப் பார்த்த சாதாரண ஆள். பேசினால், மற்ற யாரும் பார்க்காததைப் பார்த்தவள், அதைப் பார்த்தும் ஒருவன் சொன்னான் என்று அழித்துக்கொண்டவள். அப்போதுதான் அந்த இன்னொரு எண்ணம் வந்தது. அழைக்காமல் வந்தது. குற்றாலிங்கத்திடம் ஒரு சில்லு கேட்டு வாங்கினால் போதும். பெங்களூரில் சொந்தக் கருவி இருக்கிறது, ஒரு வாரத்தில் அளந்துவிடலாம், இவளுடைய பழைய கட்டுரையில் திசை தவறாகக் குறிக்கப்பட்டிருப்பதாக ஒரு வரி போட்டுவிட்டு, இதழ்கள் மூலைவிட்டத்தில் நிற்கும் முதல் செம்பு ஆக்சைடு என்று தன் பெயரில் வெளியிடலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அது நினைப்பாக மட்டும் வரவில்லை, தலைப்போடு வந்தது, முதல் வரியோடு வந்தது. ரங்கமன்னார் கண்ணை மூடிக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயதில் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள இனி ஒன்றும் இல்லை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது, ஆனால் வெளித்தேர்வாளர் எழுந்தால் அறையே எழுந்துவிடும்.

"கடைசியா நன்றி" என்று அவள் தமிழுக்கு வந்திருந்தாள். வழிகாட்டிக்கு, பல்கலைக்கழகத்துக்கு, இத்தாலியில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரொட்டி வைத்திருந்த ஒரு தொழில்நுட்பருக்கு, அப்பா அம்மாவுக்கு. "அப்புறம், என் கட்டுரையை மதிப்பிட்ட, பேர் தெரியாத அந்த ரெஃப்ரீ சாருக்கு. படிகத்துல எந்தப் பக்கம் எதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தவர் அவர்தான்." அறையில் லேசான சிரிப்பு. குற்றாலிங்கம் பலமாகச் சிரித்தார், இவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், பாருங்கள் எங்கள் பிள்ளை எவ்வளவு பணிவு என்கிற மாதிரி. அவள் சிரிக்கவில்லை. தாளைப் பார்க்காமலே சொல்லிவிட்டு விளக்கைப் போடச் சொன்னாள். குழல்விளக்கு இரண்டு மூன்று தடவை இமைத்துவிட்டு எரிந்தது. அந்த வாக்கியத்தை அவள் மனப்பாடமாக வைத்திருக்கிறாள். எத்தனை தடவை படித்திருந்தால் மனப்பாடம் ஆகியிருக்கும்? "சார், நீங்க கேளுங்க சார். ஒண்ணு ரெண்டு கேட்டாப் போதும், சாப்பாடு ரெடியா இருக்கு" என்றார் குற்றாலிங்கம். ஒன்றும் இல்லை, அருமையான வேலை என்று சொல்ல வாயைத் திறந்தார் ரங்கமன்னார். சொற்கள்கூட நாக்கு நுனியில் வந்து வரிசையாக நின்றன.

"அந்த எக்ஸ்-கதிர்ப் படத்துக்குப் போம்மா" என்று கேட்டது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. படம் வந்தது. "இதை முதல்ல எப்படி ஒட்டினே?"

"ஓரத்தைப் பார்த்து ஒட்டினேன் சார். ஓரம்தான் பிணைப்புத் திசைன்னு வச்சு. அது தப்புன்னு ரெஃப்ரீ சொன்னார். நாப்பத்தஞ்சு டிகிரி திருப்பி எழுதினோம்."

"தப்புன்னு அவர் சொன்னார். நீ பாத்தியா?"

அவள் குற்றாலிங்கத்தைப் பார்த்தாள். குற்றாலிங்கம் கைக்குட்டையை எடுத்தார். "பாத்தேன் சார்."

"என்ன பாத்தே?"

"ஓரமும் பிணைப்பும் ஒரே பக்கம்தான் சார் இருக்கு." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக்கூடாதோ என்கிற மாதிரி நிறுத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பழைய படத்தைப் பின்னிணைப்புல போட்டு ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன் சார். திருப்பாம எழுதினது. நீங்க பாத்திருப்பீங்க."

பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். கதவு அகலத் திறந்துதான் இருந்தது. மடியிலிருந்த நீல அட்டையின்மேல் கை இருந்தது, கடைசிப் பக்கங்கள் அந்தக் கைக்கு அடியில்தான் இருந்தன. "பாக்கலம்மா" என்றார். "முழுசும் படிச்சேன்னு எழுதிக் குடுத்தேன். படிக்கல." அறையில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. ஏ.சி. விடாமல் சத்தம் போட்டது. பேச்சை நிறுத்திவிடாதே, நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்கமாட்டாய் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். எழுந்து நின்றார். அறையே எழப்போயிற்று, கையைக் காட்டி உட்காரவைத்தார். "அந்த ரெஃப்ரீயும் நான்தான். உன் துணைக்கோப்பை நான் திறந்துகூடப் பாக்கல. நீ முதல்ல வச்சதுதான் சரி. தெரியாதவன் நான்தான்."

ஒரு கணம் அவருக்கு எல்லாம் சரியாக இருந்தது, அத்தனை வெட்கத்திலும் கால் தரையில் நன்றாகப் பாவியிருந்தது. அதற்குள் குற்றாலிங்கம் கைதட்டத் தொடங்கிவிட்டார். "பாத்தீங்களா! எவ்வளவு பெரிய மனுஷர், ஒரு சின்னப் பிள்ளைகிட்ட எப்படித் தன்னைத் தாழ்த்திச் சொல்லுதாங்க பாருங்க! இதுதான் பெருந்தன்மைங்கது!" துறைத்தலைவர் தட்டினார், மாணவர்கள் தட்டினார்கள், பின்வரிசை தட்டியது. அவள் அம்மா என்ன நடந்தது என்று தெரியாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு நல்லவங்களா இருக்காவ" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது நன்றாகக் கேட்டது. அப்பா எழுந்து நின்று இவரைப் பார்த்துக் கும்பிட்டார். "இல்ல, நான் சொல்றது உண்மையாவே" என்று ரங்கமன்னார் தொடங்கினார், கைதட்டல் இன்னும் கூடியது. எத்தனை தாழ்த்தினாலும் தூக்கிவிடத்தான் போகிறார்கள். இந்த மெத்தை நாற்காலியிலிருந்து விழுவதற்கே வழியில்லை. விமான நிலையத்தில் சிரித்ததைச் சொன்னால்கூட அதற்கும் தட்டுவார்கள். அதைவிட மோசம், அவருக்குள்ளேயே எங்கோ ஒரு மூலையில் அந்தச் சத்தம் இதமாக இருந்தது. அதை அவர் தெளிவாக உணர்ந்தார். வாழ்க்கையில் இவ்வளவு கேவலமாக எந்தக் கணத்திலும் உணர்ந்ததில்லை.

ஒருத்தி மட்டும் தட்டவில்லை. கைதட்டல் ஓயும்வரை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், ஓய்ந்ததும் கேட்டாள். "அப்ப ஆய்வேட்டுல எந்தப் படத்தைப் போடட்டும் சார்?"

"உன்னோடதை."

"அப்படின்னா அதை எழுத்துல குடுத்துருங்க சார்."

குற்றாலிங்கத்தின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. "அம்மாடி, அதெல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம். சார் சாப்பிடட்டும், விமானத்துக்கு நேரமாகுது. இப்பம் திருத்தம் அது இதுன்னா ஆவணிக்குள்ள..."

"ஆவணி போனாப் போகுது சார்" என்றாள் அவள். அவளுடைய குரல் கொஞ்சமும் உயரவில்லை. ரங்கமன்னாரைப் பார்த்தே சொன்னாள்: "அன்னைக்கு எழுத்துலதான வந்துச்சு. இதுவும் எழுத்துல வரட்டும். பேர் போட்டுத் தாங்க சார்."

இப்போது யாரும் தட்டவில்லை. பின்வரிசையில் கும்பிட்டுக்கொண்டு நின்ற அப்பாவின் கைகள் கீழே இறங்கின, அவர் மகளையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார், ஏதோ புரிய ஆரம்பித்த முகம் அது. ரங்கமன்னார் தாள் கேட்டார். யாரோ ஆய்வகத்திலிருந்து ஒரு வெள்ளைத்தாள் கொண்டுவந்து கொடுத்தார்கள். மெத்தை நாற்காலியை விட்டுவிட்டு அவள் நின்றிருந்த மேசைக்கே போய், குனிந்து, முதல் வரியில் தன் பெயரை முழுசாக எழுதினார். எந்த ஆய்விதழ், எந்தக் கட்டுரை, மதிப்புரை எழுதியவன் யார், எதைத் திறந்து பார்க்காமல் எழுதினான், தவறு மாணவியுடையதல்ல, பழைய படத்தைப் போட்டுப் பட்டம் தருவதில் ஒரு நாள்கூடத் தாமதிக்கத் தேவையில்லை, ஆய்விதழுக்கும் இதையே எழுதுகிறேன். அடுத்து அந்த வாக்கியத்தையும் எழுதினார், நல்லது இரண்டையும் விடாமல், அதை எழுதியது இந்தக் கைதான் என்று. அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள், முகத்தில் ஒரு நன்றியும் இல்லை. எழுதி முடித்ததும் அடியில் கையெழுத்தும் தேதியும் போட்டார். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது அவருக்கு.